ஒரே ஸ்விட்ச், இரண்டு பில்: அல்சூர் பலகாரக் கடைத் தளத்தில் நடந்த கோளாறு

கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று டிக் செய்தவர்களுக்கு இணையப் பக்கம் டெலிவரிக் கட்டணம் 0 ரூபாய் என்று காட்டியது. ஆர்டரை உறுதி செய்தபின் வந்த பில்லில் 60 ரூபாய் ஏறியிருந்தது. பெங்களூர் அல்சூரில், ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு பலகாரக் கடையின் தளம் அது. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாங்க வருகிறவர்களில் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். அதனால் புகார் மின்னஞ்சலில் வரவில்லை, நேரே கல்லாவுக்கு வந்தது. “நானே நடந்து வந்து தூக்கிட்டுப் போறேன், எனக்கு எதுக்கு அண்ணாச்சி டெலிவரி சார்ஜ்?” கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி கல்லாவிலிருந்து 60 ரூபாயை எடுத்துக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். போகப்போக அதுவே ஒரு வேலையாகிவிட்டது.

எனக்குப் போன் செய்தபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, கம்ப்யூட்டர் ரெண்டு கணக்குச் சொல்லுது. ரெண்டுல எது சரின்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

நிரலில் ஒரு மதிப்பை எடுத்து, அடுக்கி வைத்த ‘கேஸ்’களில் எதோடு பொருந்துகிறது என்று பார்த்து அந்த வேலையைச் செய்ய வைப்பதுதான் ஸ்விட்ச். எதுவும் பொருந்தாவிட்டால் ‘டிஃபால்ட்’ ஓடும். ஒரு கேஸ் முடிந்ததும் ‘பிரேக்’ போட்டால்தான் வெளியே வரும், இல்லாவிட்டால் அடுத்த கேஸுக்குள் வழுக்கி விழும். ஸ்விட்ச் கேஸின் குறைகள் என்று கேட்டால் பிரேக் போட மறப்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பாதிப் பேர் அதோடு நிறுத்தியும் விடுவார்கள். இந்தத் தளத்தில் நாங்கள் கண்டுபிடித்த கோளாறுகளில் மறந்துபோன பிரேக் ஒன்றுகூட இல்லை. ஒரே வரிசையில், ஒரே சொற்களில் எழுதிய ஸ்விட்ச் உலாவியில் ஒரு அர்த்தத்திலும் சர்வரில் வேறு அர்த்தத்திலும் ஓடியதுதான் பிரச்சினை.

தளம் எப்படி இருந்தது

தளத்தை எழுதியவர் வேறு வேலைக்குப் போய் நாளாகிவிட்டது. கையில் கிடைத்தது நிரல் மட்டும்தான், குறிப்பு எதுவும் இல்லை. மலிவான ஹோஸ்டிங்கில், சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஓடுகிறதே, எதற்குக் கை வைப்பானேன் என்று விட்டிருந்தார்கள்.

கார்ட் பக்கத்தில் பாக்கெட்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ உடனே கட்டணம் மாறித் தெரிய வேண்டும். அதற்காகக் கணக்கு முழுவதும் உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இருந்தது. உலாவி அனுப்பும் தொகையை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்பதால், ஆர்டர் வந்ததும் சர்வரில் பிஎச்பி மறுபடி கணக்குப் போடும். ஏற்பாடு சரிதான். ஆனால் சர்வர் கணக்கை யாரும் தனியாக யோசித்து எழுதவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலை நகல் எடுத்து, மாறிகளுக்கு முன்னால் டாலர் குறி போட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டு மொழியுமே சி மொழியின் இலக்கணத்தைப் பார்த்து வளர்ந்தவை. ஸ்விட்ச், கேஸ், பிரேக், டிஃபால்ட், அடைப்புக்குறி எல்லாம் அச்சு அசல் ஒன்றே. ஒட்டியது ஓடியது, ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை.

ஜாவாஸ்கிரிப்டின் தரநிலைக்குள் ஸ்விட்ச் 1999 டிசம்பரில்தான் நுழைந்தது, எக்மாஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்பில். அங்கே கேஸ் ஒப்பீடு மூன்று சமக்குறி (===) விதிப்படி நடக்கும்: வகையும் (எண்ணா, எழுத்தா என்பது) பொருந்த வேண்டும், மதிப்பும் பொருந்த வேண்டும். பிஎச்பியில் ஸ்விட்ச் இரண்டு சமக்குறி (==) விதியைப் பின்பற்றுகிறது: வகை வேறாக இருந்தால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்க்கும். எந்த விதி வேண்டும் என்று எழுதுகிறவர் சொல்ல இரண்டு மொழியிலுமே இடமில்லை. ‘இப்படியானால் இதைச் செய்’ என்னும் இஃப் எழுதினால் எத்தனை சமக்குறி போடுகிறோம் என்பது கண்ணெதிரே இருக்கும். ஸ்விட்சில் அந்த முடிவை மொழி ஏற்கெனவே எடுத்துவிட்டது. நிரலை எத்தனை முறை படித்தாலும் அது தெரியாது. என்னைக் கேட்டால் ஸ்விட்சின் முதல் குறை இதுதான், பிரேக் அல்ல.

பிக்கப்பும் பூஜ்யமும்

டெலிவரி வகைக்கு மூன்று மதிப்புகள் இருந்தன. சாதாரண டெலிவரி 0. அன்றைக்கே டெலிவரி 1. கடையில் வந்து வாங்குவது ‘பிக்கப்’ என்ற சொல். முதல் இரண்டும் எண், மூன்றாவது எழுத்துச்சரம், அதாவது மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துகள். பிக்கப் வசதி பிற்பாடு சேர்த்தது, சேர்த்தவருக்கு எண்ணைவிடச் சொல் தெளிவாகப் பட்டிருக்கிறது. அந்த யோசனையில் தப்பில்லை.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி சர்வர் பக்கத்து ஸ்விட்சில் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் ஒரு லாக் வரி (அங்கே வந்ததைப் பதிவு செய்யும் வரி) போட்டுப் பார்த்தான். “அண்ணா, கேஸ் பிக்கப் அப்படியே இருக்கு, எழுத்துப் பிழைகூட இல்ல. ஆனா அதுக்குள்ள போகவே மாட்டேங்குது. கேஸ் பூஜ்யத்துல போய் விழுது.”

பிஎச்பி 7 வரை, ஒரு எண்ணையும் ஒரு எழுத்துச்சரத்தையும் இரண்டு சமக்குறியால் ஒப்பிட்டால் எழுத்துச்சரம் எண்ணாக மாறும். எண்ணில் தொடங்காத எந்தச் சொல்லும் 0 ஆகிவிடும். பிக்கப் என்பது 0, கேஸும் 0, இரண்டும் சமம். ஸ்விட்ச் மேலிருந்து கீழாகப் பார்ப்பதால் முதல் கேஸிலேயே நின்று 60 ரூபாய் போட்டுவிட்டது. உலாவியில் மூன்று சமக்குறி விதி. அங்கே சொல் ஒருநாளும் எண்ணுக்குச் சமமாகாது. அதனால் பக்கத்தில் 0 ரூபாய் சரியாக வந்தது.

தம்பி உடனே பிக்கப் கேஸைத் தூக்கி மேலே வைத்தான். பிக்கப் ஆர்டர் சரியாக வந்தது. அடுத்து ஒரு சாதாரண டெலிவரி ஆர்டரைச் சோதித்தோம். அதற்கும் கட்டணம் 0 ரூபாய். ஆர்டர் விவரம் எண்ணை எண்ணாகவே வைக்கும் ஜேசான் வடிவில் வருவதால் சர்வருக்குள் அந்த 0 எண்ணாகவே வருகிறது. இப்போது 0 என்ற எண், பிக்கப் என்ற சொல்லோடு ஒப்பிடப்படுகிறது, அதுவும் சமம். வரிசையை மாற்றியதில் நஷ்டம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து கடைக்காரர் பக்கத்துக்கு மாறியது, அவ்வளவுதான். நல்லவேளை, இது சோதனை சர்வரோடு நின்றது.

2020 நவம்பர் 26 அன்று வெளிவந்த பிஎச்பி 8.0 இந்த விதியைத் திருத்தியது. எண்ணாகப் படிக்க முடியாத சொல்லோடு ஒரு எண்ணை ஒப்பிட்டால், இப்போது எண்தான் எழுத்துச்சரமாக மாறும். அங்கே பிக்கப்பும் பூஜ்யமும் சமமல்ல. பதிப்பை உயர்த்தினால் இந்தப் புகார் தீர்ந்துவிடும் என்று அண்ணாச்சியிடம் சொன்னோம். சொல்லும்போதே, ஒரு இடத்தில் பிசகிய நகல் மற்ற இடங்களில் மட்டும் ஒழுங்காக இருக்குமா என்ற சந்தேகமும் இருந்தது.

பழைய ஆர்டர்களை மறுபடி ஓட்டியது

தரவுத்தளத்தில் பழைய ஆர்டர்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றையும் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் ஒருமுறை (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் போட்டு), பிஎச்பி 7.4-இல் ஒருமுறை, பிஎச்பி 8-இல் ஒருமுறை போட்டு, மூன்று தொகையும் ஒத்துப்போகாதவற்றைத் தனியே எடுத்தோம். கோளாறுகள் வந்து விழுந்தது இங்கேதான். இவற்றில் பல யாருமே புகார் சொல்லாதவை. பில்லில் தொகை கூடினால் ஆள் வருவார், குறைந்தால் யாரும் போன் செய்வதில்லை.

முதலில் கண்ணில் பட்டது ஒரு தள்ளுபடி. கடையில் பழைய சரக்குகளுக்கு 200, 201 என்று வெறும் எண் குறியீடுகள். கடையைப் பெரிதாக்கிய பிறகு அண்ணாச்சி புது முறை கொண்டுவந்தார்: அலமாரி எண், தட்டுக்கு ஒரு ஆங்கில எழுத்து, டப்பா எண். இரண்டாவது அலமாரியில் ஐந்தாவது தட்டில் இரண்டாவது டப்பா என்றால் 2ஈ2. நடுவில் இருப்பது ஆங்கில அகரவரிசையின் ஐந்தாம் எழுத்து. அந்த டப்பாவில் இருந்தது கருப்பட்டி மிட்டாய், அதற்குத் தள்ளுபடி கிடையாது. 200 என்பது மிக்சர், அதற்கு 10 சதவீதம் தள்ளுபடி.

ஸ்விட்சில் இரண்டு குறியீடுமே மேற்கோள் குறிக்குள், எழுத்துச்சரமாகத்தான் இருந்தன. எழுத்தையும் எழுத்தையும் ஒப்பிடுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். பிஎச்பியில் இரண்டு பக்கமும் எண்ணாகப் படிக்கக்கூடிய எழுத்துச்சரங்கள் என்றால், இரண்டையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். எண்களுக்கு நடுவே வரும் அந்த ஐந்தாம் எழுத்துக்கு அறிவியல் குறியீட்டில் பத்தின் அடுக்கு என்று பொருள். 2ஈ2 என்றால் இரண்டு பெருக்கல் நூறு, அதாவது 200. கருப்பட்டி மிட்டாய்க்கு மிக்சர் தள்ளுபடி விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. எக்செலில் குறியீடுகளை ஒட்டி அவை வேறு எண்ணாக மாறிப்போனதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய தொல்லையாக இருக்கும்.

இது பிஎச்பி 8-இலும் அப்படியேதான் நடக்கிறது. 8.0 திருத்தியது எண்ணுக்கும் எண்ணல்லாத சொல்லுக்கும் இடையிலான ஒப்பீட்டை மட்டும்தான். பதிப்பை உயர்த்தி, பிக்கப் சரியானதைப் பார்த்துவிட்டு நாங்கள் கடையைக் கட்டியிருந்தால் கருப்பட்டி மிட்டாய் தள்ளுபடியில் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். தட்டு எழுத்து வேறாக இருந்த குறியீடுகளில் ஒரு சிக்கலும் இல்லை. ஐந்தாம் தட்டில் மட்டும்தான்.

அடுத்தது பேக்கிங் கட்டணம். எடை 5 கிலோவைத் தாண்டினால் அட்டைப்பெட்டிக்கு 40 ரூபாய், பரிசுக் குறிப்பு எழுதியிருந்தால் பரிசுத்தாளுக்கு 25 ரூபாய், இல்லையென்றால் சும்மா கவர். ஸ்விட்சுக்கு ‘விட அதிகம்’, ‘விடக் குறைவு’ தெரியாது, சமமா இல்லையா என்று மட்டுமே கேட்கும். அதைச் சுற்றிப்போக இணைய நிரலர்கள் பழகிய ஒரு வித்தை உண்டு. ஸ்விட்சின் தலையில் ‘ட்ரூ’ (உண்மை) என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு கேஸிலும் ஒரு நிபந்தனையை எழுதுவது. எந்த நிபந்தனை உண்மையாகிறதோ அது ட்ரூவுக்குச் சமம். சி மொழியில் இது நடக்காது. அங்கே கேஸில் மாறாத முழு எண் மட்டுமே வரலாம். ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் கேஸில் எந்தக் கோவையையும் அனுமதிப்பதால் இந்த வித்தை ஓடுகிறது.

எடை நிபந்தனை இரண்டு பக்கமும் சரியாக ஓடியது, ஏனென்றால் ஒப்பீட்டின் விடை ட்ரூ அல்லது ஃபால்ஸ்தான். பரிசுக் குறிப்புக்கு மட்டும் நிபந்தனை எழுதாமல், குறிப்பு இருக்கும் மாறியை அப்படியே கேஸில் போட்டிருந்தார்கள். இஃப்பில் அப்படிப் போட்டால் இரண்டு மொழியிலும் சரி. காலியாக இல்லாத எழுத்துச்சரம் (பிஎச்பியில் ‘0’ தவிர) உண்மையாகக் கொள்ளப்படும். ஸ்விட்சில் அப்படியில்லை. ‘பிறந்தநாள் வாழ்த்துகள் அத்தை’ என்ற வரி பிஎச்பியின் தளர்வான விதிப்படி ட்ரூவுக்குச் சமம், ஜாவாஸ்கிரிப்டின் கண்டிப்பான விதிப்படி சமமல்ல. பக்கத்தில் 0 ரூபாய், பில்லில் 25 ரூபாய். இந்த முறை தவறு உலாவிப் பக்கம்; அண்ணாச்சி உண்மையில் 25 ரூபாய் வாங்குகிறவர்தான். முதலில் எல்லாவற்றுக்கும் பிஎச்பியையே திட்டிக்கொண்டிருந்த தம்பி இதைப் பார்த்ததும் அடங்கிவிட்டான்.

இதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 6 கிலோவுக்கு ஆர்டர் போட்டு, பரிசுக் குறிப்பும் எழுதியவருக்கு அட்டைப்பெட்டியும் வேண்டும், பரிசுத்தாளும் வேண்டும். ஸ்விட்ச் முதலில் பொருந்தும் கேஸோடு நின்றுவிடும், 40 ரூபாய் மட்டும் சேரும். இது இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி தவறு என்பதால் எங்கள் ஒப்பீட்டில் சிக்கவே இல்லை. பேக்கிங் பார்க்கும் அக்காவிடம் பேசும்போதுதான் தெரிந்தது. ட்ரூ வித்தையைப் பற்றி என் கருத்து: அது இஃப் தொடருக்கு ஸ்விட்ச் வேஷம் போடுவது. இஃப் என்றே எழுதினால் இரண்டு இஃப் தனித்தனியாக வேண்டும் என்பது எழுதும்போதே தெரிந்திருக்கும். இந்த வித்தைக்கு ரசிகர்கள் அதிகம் என்பது உண்மை. ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சரிபார்ப்பைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் மொழியின் 5.3 பதிப்பு 2023-இல் இந்த வடிவத்துக்குள் வகையைச் சுருக்கிக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டது. ஆனாலும் நான் எழுத மாட்டேன்.

கன்டினியூ எங்கே போகிறது

சில ஆர்டர்களில் எடை மட்டும் கூடுதலாக வந்தது, சரக்கு விலை சரியாக இருந்தது. இதைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. கார்ட்டில் போட்ட பிறகு ஒரு சரக்கு தீர்ந்துவிட்டால், அது பட்டியலில் சாம்பல் நிறத்தில் நிற்கும். விலையிலும் சேரக் கூடாது, எடையிலும் சேரக் கூடாது. கார்ட்டில் உள்ள சரக்குகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் லூப்புக்குள் ஒரு ஸ்விட்ச். சரக்கு தீர்ந்த கேஸில் ‘கன்டினியூ’ என்று எழுதி, அடுத்த சரக்குக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். விலையைக் கூட்டும் வரி ஸ்விட்சுக்குள், எடையைக் கூட்டும் வரி ஸ்விட்ச் முடிந்த பிறகு.

ஜாவாஸ்கிரிப்டில் கன்டினியூ லூப்புக்கு மட்டுமே உரியது, ஸ்விட்சைத் தாண்டி லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். பிஎச்பி ஸ்விட்சையும் ஒரு லூப் மாதிரியே எண்ணுகிறது. அங்கே ஸ்விட்சுக்குள் கன்டினியூ என்றால் பிரேக் என்றே பொருள். ஸ்விட்சை விட்டு வெளியே வந்து, அடுத்த வரியில் எடையைக் கூட்டிவிட்டுத்தான் போகும். லூப்பையும் தாண்ட வேண்டுமென்றால் ‘கன்டினியூ 2’ என்று எழுத வேண்டும். இல்லாத அதிரசத்தின் எடை சேர்ந்து, சில பில்கள் அடுத்த எடைப் படிக்கு ஏறிவிட்டன.

2018-இல் வந்த பிஎச்பி 7.3 முதல் இதற்கு எச்சரிக்கை உண்டு: கன்டினியூ இங்கே பிரேக்குக்குச் சமம், கன்டினியூ 2 என்று எழுத நினைத்தீர்களா என்று பச்சையாகவே கேட்கும். சர்வர் லாகைத் திறந்து பார்த்தால் அந்த வாக்கியம் வரிசையாகக் கிடந்தது. அந்த லாகைத் திறந்து பார்க்கும் ஆள்தான் இல்லை.

பிரேக் எதை விட்டு வெளியே போகிறது என்ற குழப்பம் பெரிய இடங்களையும் விட்டுவைக்கவில்லை. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நெடுந்தூரத் தொலைபேசி வலையமைப்பு ஏறக்குறைய 9 மணி நேரம் தடுமாறியது. 114 இணைப்பகங்களும் மாற்றி மாற்றித் தம்மைத் தாமே மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தன. காரணம், சி மொழி நிரலில் ஒரு ஸ்விட்சுக்குள் இருந்த இஃப், அந்த இஃப்புக்குள் இருந்த ஒரு பிரேக். அது இஃப்போடு நிற்காமல் ஸ்விட்சையே விட்டு வெளியேறிவிட்டது. எங்கள் அதிரசக் கணக்கும் அந்தக் கோளாறும் ஒரே குடும்பம்.

இரண்டு மொழிக்கும் பொதுவான தொல்லை: பின்கோடு

இதுவரை சொன்னவை மொழிகளுக்கு இடையிலான வித்தியாசங்கள். டெலிவரிப் பகுதியைக் கணக்கிடும் ஸ்விட்ச் இரண்டு மொழியிலும் ஒரே விடையைத்தான் தந்தது. ஆனாலும் அதைத்தான் முதலில் தூக்கியெறிந்தோம்.

பக்கம் பக்கமாகப் பின்கோடுகள். கேஸுக்குக் கீழே கேஸ் அடுக்கி, குழுவின் கடைசியில் ஒரு கட்டணம், ஒரு பிரேக். பிரேக் இல்லாமல் கேஸ்களை அடுக்குவது இங்கே தவறில்லை, ஸ்விட்சின் வழுக்கி விழும் குணத்துக்கு இருக்கும் நியாயமான பயன்பாடே அதுதான். ஆனால் பட்டியல் வளர வளர, கே.ஆர்.புரத்தின் 560036 இரண்டு குழுக்களில் இடம்பிடித்திருந்தது, ஒன்றில் 60 ரூபாய், இன்னொன்றில் 80. சி மொழியில் ஒரே கேஸ் இரண்டு முறை வந்தால் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் வாயே திறக்காது, முதலில் வந்தது ஜெயிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் தவறு தேடும் ஈஎஸ்லின்ட் கருவியைப் போட்டிருந்தால் உலாவிப் பக்கம் பிடித்திருக்கும். போடவில்லை.

அண்ணாச்சி கே.ஆர்.புரத்துக்குக் கட்டணத்தை ஏற்றச் சொல்லி, யாரோ இரண்டாவது இடத்தில் 80 என்று எழுதியிருக்கிறார்கள். ஏறவே இல்லை. “சொல்லி எவ்வளவோ நாளாச்சு தம்பி, அவங்க செஞ்சுட்டேன்னுதான் சொன்னாங்க.” செய்துதான் இருந்தார்கள்.

பின்கோட்டை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவதிலேயே ஒரு தடங்கல் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு கடிதங்களைப் பிரிப்பதற்கான ஏற்பாடு. அத்திப்பள்ளி 562107, ஓசூர் 635109. மாநில எல்லையைத் தாண்டினால் பக்கத்து ஊர், எண்ணில் மட்டும் எங்கேயோ. அதனால் 560-இல் தொடங்கினால் இவ்வளவு என்று எல்லை வைத்து எழுதவும் வழியில்லை, எல்லை வைக்க ஸ்விட்சுக்கும் தெரியாது. கட்டணமோ பின்கோட்டையும் எடையையும் சேர்த்துப் பார்த்து முடிவாக வேண்டியது. ஸ்விட்ச் ஒரே ஒரு மதிப்பைத்தான் பார்க்கும் என்பதால் ஒவ்வொரு பின்கோடுக் குழுவுக்குள்ளும் எடைக்கு இன்னொரு ஸ்விட்ச் உட்கார்ந்திருந்தது. அந்த உள் ஸ்விட்ச்களில் ஒரே மாறியை ‘லெட்’ போட்டு இரண்டு கேஸில் அறிவித்தால், எல்லாக் கேஸும் ஒரே தொகுதி என்பதால், ஜாவாஸ்கிரிப்ட் பிழை காட்டிவிடும். அதைத் தவிர்க்கத் ‘தொகை1’, ‘தொகை2’, ‘தொகை3’ என்று பெயர் வைத்துக்கொண்டே போயிருந்தார்கள். ஒவ்வொரு கேஸுக்கும் தனி அடைப்புக்குறி போட்டிருந்தால் போதும்.

இதையெல்லாம்விட, அண்ணாச்சி 10 ரூபாய் ஏற்ற நினைத்தாலும் நிரலைத் திறந்து இரண்டு ஃபைலில் மாற்றி சர்வரில் ஏற்ற வேண்டியிருந்ததுதான் பெரிய தொல்லை. விலைப்பட்டியல் என்பது தரவு. அதை ஸ்விட்சில் எழுதினால் நிரலாகிவிடுகிறது. பிறகு கடைக்காரர் தன் கடை விலையை மாற்ற நிரலரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

என்ன மாற்றினோம்

பின்கோடு, எடைப் படி, கட்டணம் மூன்றும் தரவுத்தள அட்டவணைக்குப் போயின. அண்ணாச்சி நிர்வாகப் பக்கத்திலிருந்து தானே திருத்திக்கொள்ளலாம். உலாவியில் கணக்கே கிடையாது. கார்ட் மாறும்போது சர்வரிடம் தொகையைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கோரிக்கை போகிறதே என்று தம்பி தயங்கினான். ஒரு பலகாரக் கடைக்கு வரும் கூட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஸ்விட்ச் வேகமா, சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் மேப் வேகமா என்ற விவாதத்துக்கும் இங்கே அதே பதில்தான்.

டெலிவரி வகைக்கு, ஸ்விட்சுக்கு மாற்றாகப் பிஎச்பி 8-இல் வந்த ‘மேட்ச்’ எழுதினோம். மூன்று சமக்குறி ஒப்பீடு, வழுக்கி விழுவது இல்லை, பிரேக் தேவையில்லை, விடையை நேரே மாறியில் வாங்கிக்கொள்ளலாம். தள்ளுபடிக் குறியீடுகளும் அட்டவணைக்குப் போயின. அங்கே அந்தப் பத்தி எழுத்துச்சரம் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் 2ஈ2 அப்படியே 2ஈ2.

உலாவியில் எஞ்சியது ஆர்டரின் நிலையைக் காட்டும் வாசகங்கள் மட்டும்: பேக் ஆகிறது, புறப்பட்டது, வந்து சேர்ந்தது. தம்பி அதையும் ஸ்விட்சிலிருந்து மாற்றி, சாவியும் மதிப்புமாக எழுதும் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ஆப்ஜெக்டில் வைத்துத் தேட ஆரம்பித்தான். அது வேண்டாம் என்றேன். வெறும் ஆப்ஜெக்டில் நாம் எழுதாத சாவிகளும் பரம்பரையாக வந்து உட்கார்ந்திருக்கும்; ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்று தேடினால் இல்லை என்று வராது, ஒரு ஃபங்ஷன் வந்து நிற்கும். நிலை வாசகத்தில் இது நடக்க வாய்ப்பில்லை. ஆனால் இதே பழக்கத்தில் நாளைக்குக் கூப்பன் குறியீட்டையும் இப்படித் தேடினால், பெட்டியில் யார் என்ன தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. தேடலுக்கு மேப் இருக்கிறது. இந்தச் சில நிலைகளுக்கு ஸ்விட்சே போதும் என்று முடிவாகி அந்த ஒன்று மட்டும் நிற்கிறது. எல்லாம் எழுத்துச்சரம், பட்டியல் மூடியது, டிஃபால்ட் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் ஸ்விட்ச் நன்றாகவே உழைக்கும்.

மேட்ச் எழுதிய சில நாட்களில் ஒரு ஆர்டர் பிழையோடு நின்றது. பொருந்தும் கிளை இல்லாவிட்டால் மேட்ச் பேசாமல் போகாது, பிழையை வீசும். வந்த மதிப்பு 3. பழைய நிரலைத் தோண்டியதில், ஒரு காலத்தில் ஓசூர், சேலம் ஆர்டர்களுக்குப் ‘பஸ் பார்சல்’ என்று ஒரு வகை இருந்தது தெரிந்தது. அந்த வசதியை நிறுத்தியபோது சர்வர் ஸ்விட்சில் அந்தக் கேஸை எடுத்துவிட்டார்கள். சிலருடைய போனில் பழைய பக்கம் தேங்கிக் கிடந்து, இன்னும் அந்தத் தேர்வைக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய ஸ்விட்சில் டிஃபால்ட் இல்லை. மதிப்பே பெறாத மாறியைப் பிஎச்பி கூட்டலில் 0 என்று எடுத்துக்கொள்ளும். ஆக, பஸ் பார்சல் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இத்தனை நாளும் டெலிவரி இலவசம்.

“அப்ப ஒரு ஆர்டர் போச்சே தம்பி” என்று அண்ணாச்சிக்கு வருத்தம். போன் செய்து பேசி, சாதாரணக் கூரியரில் அனுப்பினோம். மேட்சில் டிஃபால்ட் சேர்த்து 60 ரூபாய் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டதற்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். தெரியாத மதிப்பு வந்தால் வாடிக்கையாளருக்குப் ‘பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி தேர்வு செய்யுங்கள்’ என்று காட்டி, எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பும்படி வைத்திருக்கிறோம்.

தீபாவளி வாரத்துக்கு அண்ணாச்சி தானே அட்டவணையில் கட்டணத்தை மாற்றினார். 5 கிலோ வரை ஒரு விலை, 5 கிலோ முதல் இன்னொரு விலை. சரியாக 5000 கிராம் வந்த ஆர்டருக்கு இரண்டு வரியும் பொருந்தின. தரவுத்தளம் எதை முதலில் கொடுக்கிறதோ அதுவே கட்டணமானது. நிரலில் இருந்த தொல்லையில் ஒரு பங்கு தரவோடு சேர்ந்து இடம்பெயர்ந்திருந்தது. இப்போது அட்டவணையில் கீழ் எல்லைக்கு மட்டும்தான் பத்தி. மேல் எல்லை எதுவென்று அடுத்த வரியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஒரே பின்கோட்டுக்கு ஒரே கீழ் எல்லையை இரண்டு முறை தட்டினால் நிர்வாகப் பக்கமே சேமிக்க மறுத்துவிடுகிறது. ஓசூரில் ஒரு கிளை போடலாமா என்று அண்ணாச்சி யோசித்துக்கொண்டிருக்கிறார். அது நடந்தால் எந்தக் கடையிலிருந்து போகிறது என்று இன்னொரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கும்.